சிவப்பைத் திருடிய விட்டில்

கோட்டையின் மேல் ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர் கொடி பறந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம் ஒரு சிலர்தான் மிச்சம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாயவேர் என்றால் என்ன, மேட்டு விளக்கு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். வாயைத் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்திட்டில் இருந்தது. ஆண்கள் தண்ணீருக்குப் போவார்கள். பெண்களும் பிள்ளைகளும் மணலில் சாயவேர் தோண்டுவோம். அதைச் செடி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது. தரையோடு தரையாகப் படர்ந்து, நொய்யரிசி இறைத்த மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். அழகெல்லாம் மண்ணுக்குள்ளே. எலி வால் போல மெல்லிய வேர், முழ நீளத்துக்கு இறங்கியிருக்கும். இரும்புக் குச்சியால் பக்கத்து மணலைக் கிளறி, அறாமல் உருவ வேண்டும். அறுத்துவிட்டால் அம்மா அடிக்க மாட்டாள். "உன் சடைய இப்டிப் புடிச்சு இஸ்தாத்தான் உனக்குத் தெரியும்" என்பாள். பகல் முழுக்க உருவினால் உள்ளங்கை மஞ்சள் பிடிக்கும். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். கல்யாணப் பெண் கை மாதிரி இருக்கட்டும் என்று நாங்கள் சுண்ணாம்பைத் திருடித் தடவிக்கொள்வோம்.

அந்த வேர் கோட்டைக்குப் போகும். கோட்டைக்காரர்களுக்காகத் துணியில் பூ எழுதுகிறவர்கள் அதைக் காய்ச்சிச் சிவப்பு ஏற்றுவார்கள். அந்தத் துணி கப்பல் கப்பலாக எங்கெங்கோ போயிற்று. எங்கள் குப்பத்தில் ஒருத்தி அதை உடுத்தி நான் பார்த்ததில்லை.

மழை விழுந்து மணல் பச்சை பிடித்ததும் புழு வரும். விரல் தடிமன். பச்சையிலும் இருக்கும், மண் நிறத்திலும் இருக்கும். வாலில் ஒரு கொம்பு, கழுத்தருகே கண் மாதிரி ஒரு பொட்டு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொட்டை உப்பிக் காட்டும், பாம்புக்குட்டி முறைப்பது போல. கொம்புப் புழு என்போம். அதற்கு மூக்கிரட்டைதான் சோறு. மூக்கிரட்டைக் கொடி அப்போது குப்பமெங்கும் காலில் மிதிபடும். அதன் பிசுபிசுத்த காய் பாவாடை ஓரத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். புழு தின்று கொழுத்து, காய்ந்த இலைக்கடியில் மணலைக் குடைந்து மறைந்துவிடும். பிறகு ஓர் அந்தியில் விட்டிலாக வெளியே வரும். அம்பு மாதிரி கூர்ந்த உடம்பு, பழுப்பு மேல்சிறகு. சும்மா உட்கார்ந்திருந்தால் காய்ந்த ஓலைத் துண்டு. சிறகை விரித்தால்தான் தெரியும், உள்சிறகு சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி சிவப்பாக இருப்பது.

அந்தச் சிவப்பால்தான் இவ்வளவும் நடந்தது.

மேட்டு விளக்கையும் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரம் ஒரே இடத்தில் இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் மணல் ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறக்கும். போன வருஷத்து அடையாளத்தை நம்பி இருட்டில் வருகிற படகு மணலில் ஏறிக் கவிழும். அதனால் வாய் திறந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து மேட்டில் பனங்கம்பம் நட்டு விளக்கு ஏற்றுவோம். அது ஊர்ப்பொது விளக்கு கிடையாது. எந்த வீட்டு ஆள் கரை திரும்பவில்லையோ, அந்த வீட்டுப் பெண் தன் விளக்கைக் கொண்டுபோய் ஏற்றுவாள். சுற்றிலும் பொத்தல் போட்ட பானை, உள்ளே அகல், புன்னை எண்ணெய். அந்த எண்ணெய்ப் புகையின் கசப்பு வாசனை இப்போது எங்காவது வந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

போன ஆள் திரும்பி வந்து, தன் கையாலேயே விளக்கை இறக்க வேண்டும். அவன் வராமல் விளக்கு இறங்கினால் அவன் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கே அவளுடைய வளையலை உடைப்பார்கள். கடலில் இருப்பவனுக்கும் அதே கணக்கு. மேட்டில் தன் வீட்டு விளக்கு எரியவில்லை என்றால் ஏற்றுகிறவள் இல்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அடுத்த குடிசையில் இருந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஏரியில் வலை காலியாகவே வந்துகொண்டிருந்த அந்த ஆவணியில், சித்தப்பா உலாந்தாக் கப்பலில் கலாசியாக, பாய் இழுக்கும் கூலியாகச் சேர்ந்து வங்காளம் போனார். புறப்படும்போது எல்லாரும் கரையில் நின்றோம்.

"வாடைக்காத்து அடங்கினதும் கப்பல் இப்டித்தான் திரும்பும். நம்ம மேட்டுல வெளிச்சத்தப் பாத்துட்டேன்னா கப்பித்தான் கிட்ட சொல்லிட்டு அங்கியே இறங்கிடுவேன்" என்றார் சித்தப்பா.

"வெளிச்சம் இல்லாட்டி?" என்றாள் சித்தி.

"இல்லாட்டி இன்னா? கோச்சுக்கினு அண்ணன் ஊட்டுக்குப் போய்ட்டேனு நெனச்சுக்குவேன்."

"போறதுக்கு எனக்கு ஏது அண்ணன்?"

எல்லாரும் சிரித்தோம். சித்தி கூடச் சிரித்தாள். அன்று மாலையே விளக்கை ஏற்றிவிட்டாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. மணல் பச்சை பிடிக்கும் அளவுக்குத் தூறிவிட்டு நின்றுபோயிற்று. ஏரியில் உப்பு ஏறி இறால் போனது. ஆரம்பாக்கம் பக்கத்துக் கழனியெல்லாம் வெடித்துக் கிடந்ததால் மீனுக்கு நெல் மாற்றிக்கொடுக்க ஆளில்லை. மூக்கிரட்டையைப் பறித்து உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றோம். முதலில் கொழுந்தை, பிறகு முற்றல் இலையை, பிறகு தண்டை. "ஆடு தோத்துச்சு போ" என்று நைனா, எங்கள் அப்பா, எங்களைப் பார்த்துச் சொல்வார். கார்த்திகை முடிவதற்குள் குப்பத்தில் மூக்கிரட்டை என்று ஒரு கொடி இல்லை.

கொம்புப் புழு வேறு எங்கே போகும்? சாயவேர்ச் செடியில் ஏறிற்று. காலையில் போய்ப் பார்த்தால் திட்டுத் திட்டாகக் குச்சி மட்டும் நிற்கும். இலையைத்தான் தின்றது, வேர் மண்ணுக்குள் அப்படியே இருந்தது. இப்போது எழுதும்போது இது எவ்வளவு எளிதாகத் தெரிகிறது. அதன் சோற்றை நாங்கள் தின்றோம், எங்கள் சோற்றை அது தின்றது.

மார்கழியில் தரகர் ஏரி கடந்து படகில் வந்தார். வேர்க்கட்டைப் பிரித்து, ஒரு வேரை முறித்து, நகத்தில் சுண்ணாம்பு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சிவக்க வேண்டியது வெளுத்த ரோஜா நிறத்தோடு நின்றுவிட்டது.

"இன்னாயா தலைவரே, வேர் குடுக்கச் சொன்னா வைக்கோல் குடுக்கிற?"

எங்கள் குப்பத்துத் தலைவர் நைனாவின் அண்ணன்தான், எனக்குப் பெத்த நைனா, பெரியப்பா. "நம்ம திட்டு வேர்தான் ஐயா" என்றார்.

"என் வெத்தல எச்சி இதவிடச் செவப்பா கீது. அடுத்த தபாவும் இப்டியே இருந்தா நான் தெக்கால குப்பத்துக்குப் போயிடுவேன். கோட்டையில பேச்சு வாங்கறவன் நானு."

தரகர் போன பின் பெத்த நைனா வெகுநேரம் அந்த வேர்க்கட்டு முன்னால் குந்தியிருந்தார். இரண்டு மழையாவது குடிக்காத வேரில் சாயம் ஊறாது. பசிக் கொடுமையில், இளவேரையும் தோண்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அவர்தான். வேர் வெளுத்ததற்குக் காரணம் அது. பெண்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்குத் தோண்ட வேண்டாம் என்றிருந்தால் குப்பத்தில் பாதி அடுப்பு அணைந்திருக்கும். ஆனால் தலைவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? அவராகத்தான் எப்படிச் சொல்லிக்கொள்வது?

அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒருவர் மேட்டுக் கம்பத்தின் அடியில் கிடந்த விட்டில் ஒன்றை எடுத்து வந்து சிறகை விரித்துக் காட்டினார்.

"பாருங்கப்பா! நம்ம செவப்பு எங்க போச்சுனு தேடறீங்களே. இதோ, இது மேல கீது!"

பிறகு கேட்க வேண்டுமா. சாயவேர் இலையைத் தின்னும் புழு. புழுவிலிருந்து விட்டில். விட்டில் சிறகில் சிவப்பு. வேரில் சிவப்பு இல்லை. விட்டில் வருவதோ வெளிச்சத்துக்கு. மேட்டில் அந்த மாதம் எரிந்துகொண்டிருந்தது ஒரே விளக்கு. ஒரு முடிச்சுக்கு மேல் ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போய்ச் சித்தி வாசலில் நின்றார்கள்.

வலை காயப்போடும் மணலில் கூடினார்கள். பெத்த நைனா குரலை உயர்த்தவில்லை. "தோண்டி முடிக்கிற வரைக்கும் வெளக்க எறக்கி வெய்யி. இது அந்த எறக்கம் இல்ல. பூச்சிக்கோசரம் எறக்கறது. உன் வளையல யாரும் தொட மாட்டாங்க, நான் சொல்றேன்."

"இங்க கீறவங்களுக்கு நீங்க சொல்லிட்டீங்க மாமா. கடல்ல கீறவருக்கு யாரு சொல்றது?"

யாரோ இருமினார்கள். சித்தியே மறுபடி பேசினாள். "கொஞ்சம் பொறுங்க. இந்தப் பூச்சி நம்ம வேர்லருந்து எடுக்கலனு நான் காட்றேன். காட்டலனா நானே எறக்கறேன்."

"பூச்சி கிட்ட சாட்சி கேக்கப் போறியா?" என்று ஒரு கிழவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பொறுப்பதாகச் சொன்னார்கள்.

மூக்கிரட்டை எங்கே இருக்கும் என்று சித்திக்குத் தெரிந்திருந்தது. ஏரிக்கு அக்கரையில், கோட்டைக்குப் பக்கத்தில் உலாந்தாக்காரர் கல்லறைத் தோட்டம். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். எவ்வளவு பசித்தாலும் அங்கே போய்க் கீரை பறிக்க நம்மவர்கள் யாருக்கும் மனம் வராது. சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு நைனாவின் தோணியில் போனாள். நான் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "செத்தவங்க நம்மள இன்னா கேக்கப் போறாங்க? இருக்கறவங்கதான் கேக்கறாங்க. வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். உள்ளே கற்பலகைகளுக்கு நடுவில் மூக்கிரட்டை முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. இலையடியில் அப்போதுதான் பொரித்த புழுக்கள், நூல் துண்டு போல. கொம்பு மட்டும் அப்போதே முளைத்திருந்தது.

கொடியோடு சேர்த்து எடுத்து வந்து, மணல் போட்ட பானையில் விட்டு, வாயைக் கிழிந்த வலையால் கட்டினாள். இலை தீர்ந்தால் மறுபடி அக்கரை. எங்கள் வயிறு காய்ந்துகொண்டிருந்த நாளில், புழுவுக்குக் கீரை போடுகிறவளைக் குப்பம் எப்படிப் பார்த்திருக்கும்! அம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டாள்: "அந்தக் கீரைய ஒரு வேள நாங்க தின்னா இன்னாடி?" சித்தி கீரைக் கட்டில் பாதியை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டு, அடுப்படியில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டுபோய்ப் பானைக்கே போட்டாள்.

புழுக்கள் விரல் தடிமனாகி மணலுக்குள் இறங்கின. சிலது செத்தது. தை பிறந்து சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் வலைக்குள் ஏதோ படபடத்தது. நாங்கள் எல்லாரும் பானையைச் சுற்றிக் குந்தினோம். நனைந்த துணி மாதிரி சுருங்கியிருந்த சிறகு மெல்ல மெல்ல விரிந்தது. உள்ளே சிவப்பு. அதே சிவப்பு. சித்தி அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பானையை அப்படியே பெத்த நைனா வீட்டுக்கு எடுத்துப் போனாள். பின்னாலேயே குப்பம்.

"பாருங்க மாமா. அக்கரை மூக்கிரட்டை தின்னு வளர்ந்தது. சாயவேர்ச் செடி இன்னா நெறம்னுகூட இதுக்குத் தெரியாது. இதுக்கு ஏது செவப்பு?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு லேசான நிம்மதி கூட வந்த மாதிரி இருந்தது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: "அக்கரைனா எது? கல்லறையா? ஐயோ, பொணத்து ரத்தத்தக் குடிச்ச பூச்சிய ஊருக்குள்ள கொண்டாந்து வளத்துக்கினு கீறா!"

அவ்வளவுதான். நீங்கள் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். பெத்த நைனா நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் காணோம்.

"வேர்லருந்து எடுக்கலனே வெச்சிக்க. செடியத் திங்கறது இதுதானே? இது எதுக்கு வருது? வெளிச்சத்துக்கு."

"வெளிச்சத்துக்கு வந்தது எண்ணெயில வுழுந்து செத்துப்போவுது மாமா. தெனம் காத்தால அள்ளிக் கொட்றவ நானு. செத்தது எங்க போய் முட்ட வெக்கும்?"

"வாயாடாதே" என்றார்.

அன்று சாயங்காலம் விளக்கை இறக்க அவர் போகவில்லை, தம்பியை அனுப்பினார். நைனா கயிற்றை அவிழ்த்துப் பானையை இறக்கி, சித்தி கையில் கொடுத்து, "நான் எறக்கலம்மா. ஊர் எறக்குது" என்றார். சித்தி பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் எடுத்துப் போகிறவள் மாதிரி.

வளையலை யாரும் தொடவில்லை, அவர் சொன்ன சொல்படி. ஆனால் அந்த மாதம் ஒரு வீட்டில் நலங்கு வைத்தார்கள். சித்தியைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

விளக்கு இறங்கிய பின்னும் புழு இருக்கிற இலையையெல்லாம் தின்று தீர்த்த பிறகுதான் போயிற்று. அடுத்த கட்டு வேரும் அதே வெளுப்பு. தரகர் சொன்ன மாதிரியே தெற்குக் குப்பத்துக்குப் போய்விட்டார். நடுவில் பேதி வந்து குப்பத்தில் பலரைக் கொண்டுபோயிற்று. எங்கள் இரு குடிசையையும் எதனாலோ விட்டுவிட்டது. பங்குனியில் பெத்த நைனா ஒருநாள் வந்து, சித்தி முகத்தைப் பார்க்காமல், "வெளக்க ஏத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி ஏற்றினாள். அப்போதிலிருந்து ஒரு மாலை தவறியதில்லை. காற்று மாறியது, மழை வந்தது, மூக்கிரட்டை மறுபடி குப்பமெங்கும் படர்ந்தது, கொம்புப் புழு சாயவேரை விட்டுத் தன் கொடிக்கே திரும்பிப் போயிற்று. யாரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த மாசியில் ஒரு மத்தியானம். அம்மாவும் சித்தியும் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நைனா வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தெற்குக் குப்பத்துக்காரன் ஒருவன் வந்தான். சித்தப்பாவோடு அதே கப்பலில் கலாசியாக இருந்தவன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நைனா முன்னால் நின்றான்.

"துக்கம் கேக்க வரணும்னு நெனச்சுக்கினே இருந்தேண்ணா. இப்பத்தான் கரை ஏறினேன். அந்தக்கா போனது எங்களுக்கே தாங்கல."

"எந்த அக்கா?" என்றார் நைனா.

"அவுரு சம்சாரம்தான். போன வருசம் இதே மாசி. வங்காளத்துலருந்து திரும்பி, இருட்டினப்புறம் இங்க எதுக்கால நங்கூரம் போட்டோம். விடியறதுக்கு முன்ன பாய் விரிக்கணும்னு உத்தரவு. அவுரு மூட்டையக் கட்டி வெச்சுக்கினு இந்த மேட்டையே பாத்துக்கினு இருந்தாரு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. அப்ப கடுதாசி எடுத்தாந்த கோட்டைப் படகுக்காரன் வேற, வடக்குக் குப்பத்துல பேதில கொத்துக் கொத்தா போய்ட்டாங்கனு சொன்னான். அவ்ளோதான். மூட்டைய அவுத்துட்டாரு. கப்பல்லயே தலைய வழிச்சுக்கினு, கடல்ல எள்ளுத் தண்ணி வுட்டாரு."

நைனாவின் ஊசி நின்றது. அம்மா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். சித்தி, செதில் ஒட்டிய கையோடு, அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப எங்க கீறாரு?"

"சாவகத்துப் பத்தாவியா போற கப்பல்ல மாறிட்டாருக்கா. இனி இந்தக் கரைய ஏறிட்டும் பாக்க மாட்டேன்னுட்டாரு. அங்க போன ஆள எங்கனு தேடறது!" கேட்டவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. சித்தி எழுந்து, ஆய்ந்த மீனில் நல்லதாகப் பார்த்து ஓலையில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். "ஊட்டுல கொழம்பு வெச்சுச் சாப்புடு" என்றாள்.

பின்னால் நைனா கோட்டைத் துறையில் கப்பலேறுகிற ஒவ்வொரு கலாசியிடமும் சொல்லி அனுப்பினார். அவர் சாகும்வரை சொல்லி அனுப்பினார். ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை.

ஆனால் அன்றைய மாலைதான் என்னை விடுவதில்லை. பொழுது இறங்கிற்று. மேட்டில் விளக்கில்லை. சித்தி வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்டுப் பெத்த நைனா வந்தார். கையில் செம்பு நிறையப் புன்னை எண்ணெய். தலைவராக இருந்து அவர் ஒரு பெண்ணிடம் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏத்தும்மா. அவன் உசிரோடதானே கீறான். நான் வேணா கம்பத்துல கட்றேன். ஏத்து."

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்தால் கூட எங்களுக்குத் தாங்கியிருக்கும்.

"அவுரு உசிரோடதான் கீறாரு மாமா. நான்தான் செத்துட்டேன். செத்தவ ஏத்தின வெளக்கப் பாத்து எந்த ஆம்பள கரைக்கு வருவான்?"

பெத்த நைனா செம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல், எடுத்துக்கொண்டு போகவும் தோன்றாமல் நின்றார். நன்றாக இருட்டிய பிறகு அம்மா எழுந்துபோய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.